அடுப்பு வெடிக்கவில்லை

எங்கள் வீட்டில் அடுப்பு வெடிக்கவில்லை. திருத்தணியில் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போனால்கூட, "அடுப்புகிட்ட ஜாக்கிரதையா இருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்கிறார்கள். வேறு சிலர் எதுவும் கேட்பதில்லை. என் கையைப் பார்க்கிறார்கள், பிறகு என் கணவரைப் பார்க்கிறார்கள். இதை எழுதுவதற்கு அந்தப் பார்வைதான் காரணம்.

என் பெயர் சுமதி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆன்லைன் சென்டரில் விண்ணப்பங்கள் தட்டச்சு செய்துகொடுக்கும் வேலை பார்த்துவந்தேன். என் கணவர் தணிகாசலம் வேன் ஓட்டுகிறார். இங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப் போகும் வேன் அது. ஒரே மகள் நிவேதா, அப்போது ஆறாம் வகுப்பில் இருந்தாள். என் அண்ணன் முனிரத்தினம் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறான். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடென்று இருப்பது அவன் வீடுதான்.

கல்யாணமான நாளிலிருந்து என் கணவரிடம் எனக்கிருந்த ஒரே சண்டை சிகரெட். காலையில் அவர் இருமும் இருமலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். அதை விடுவதற்காகத்தான் வேனில் வரும் ஒரு பையன் மூலமாக மின்சார சிகரெட் வாங்கினார். பார்க்கத் தடித்த பேனா மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சொட்டு மருந்துபோல ஏதோ திரவம். பேட்டரி அதைச் சூடாக்க, வரும் ஆவியை இழுப்பார்கள். நம் நாட்டில் அதை விற்பதற்குத் தடை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அவர் சட்டையில் நாற்றம் போய்விட்டது, இருமல் குறைந்துவிட்டது. மலைக்குப் போய் ஒரு நெய் விளக்குகூடப் போட்டுவிட்டு வந்தேன்.

தடை செய்த பொருள் என்பதால் கெட்டுப்போனால் எந்தக் கடையிலும் கொடுக்க முடியாது. பேட்டரி அரை நாளைக்குக்கூட நிற்காமல் போனபோது, அவரே செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். சென்னையில் நடைபாதைக் கடையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் செட்டும், மூக்குக் குறடும், ஈயம் பற்றவைக்கிற ஒரு கம்பியும் வாங்கிவந்தார். எல்லாம் மலிவுச் சாமான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாலில் பேப்பரை விரித்து உட்கார்ந்துவிடுவார். பிறகு வேன் பையன்களுடையதையும் கொண்டுவர ஆரம்பித்தார். புகை அதிகமாக வர வேண்டுமாம். அதற்காக, அந்தக் கருவி தாங்கக்கூடியதைவிடப் பெரிய பேட்டரியை உள்ளே திணிப்பார்.

"இன்னாங்க, இது ஒண்ணும் ஆவாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"செல்போன்ல இருக்கறதுதான்டி இது. நீ தலைமாட்டுல வெச்சிகினு தூங்கலியா?" என்றார்.

ஆடிக் கிருத்திகை அன்றைக்கு அவருக்கு வேன் இல்லை. ஊரெல்லாம் காவடி. நிவேதா எதிர்வீட்டு அக்காவோடு காவடி பார்க்கப் போயிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு அவருக்கு ஒரு கை தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். நைலான் நைட்டி போட்டிருந்தேன். அவர் குறட்டால் ஒரு பேட்டரியின் மேலுறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அது மாதிரி. "ஐயோ" என்று அவர் கையை உதறியது தெரிந்தது. அது எகிறி வந்து என் மடியில் விழுந்தது. தூக்கி எறிவதற்காக வலது கையால் பிடித்தேன். பிடித்த இடத்திலேயே வெடித்தது. வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. பருத்தித் துணி எரிந்து சாம்பலாகும்; நைலான் உருகும். உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அந்தப் புகைதான் உள்ளே போனது.

அவர் வெறுங்கையால் என் மேல் இருந்த நெருப்பை அடித்தார். கம்பளியைச் சுற்றினார், குடத்துத் தண்ணீரைக் கொட்டினார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், காவடிக்காகத் தெருவை மூடியிருக்கிறார்கள், பெரிய ரோட்டுக்கு வாருங்கள் என்றார்கள். என்னைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார். சாமி வந்து மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து ஜனங்கள் வழி விட்டார்கள். "அரோகரா" என்று கத்தினார்கள். யாரோ ஒரு அம்மா என் நெற்றியில் விபூதி பூசினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர் என் காதில் சொன்னார்:

"சுமதி, ஸ்டவ்னு சொல்லிடு. கேஸ் ஸ்டவ்னு சொல்லிடும்மா. இது தடை பண்ண சாமான். பசங்க எல்லாரும் மாட்டிப்பாங்க. என் லைசென்ஸ் போயிடும்."

திருத்தணி ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, ஊசி போட்டு, அதே ஆம்புலன்ஸில் சென்னைக்கு அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் அவர்தான் பேசினார். இரண்டு இடத்திலும் ஸ்டவ் என்றே சொன்னார்.

சென்னையில் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர் என்னைப் பார்த்துக்கொண்டார். தீக்காயத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒருவருடைய உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, அவர் உடம்பின் தோலில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. உள்ளங்கைகளாகக் கணக்குப் போட்டு, என் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு வெந்திருக்கிறது என்றார். வலது தொடை முழுவதும், அடிவயிறு, வலது கை, கழுத்து. எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் என்பதுதான் முக்கியமாம். மேலாக வெந்த இடம் கொப்புளித்து, துடிக்கத் துடிக்க வலிக்கும்; அது தானாக ஆறிவிடும். ஆழமாக வெந்த இடத்தில் வலியே இருக்காது, நரம்பும் சேர்ந்து செத்திருக்கும். என் தொடையின் நடுவில் வலிக்கவேயில்லை. அதை நல்ல செய்தி என்று நான் நினைத்திருந்தேன்.

அதைவிடப் பயம் தொண்டையைப் பற்றி. பேட்டரிப் புகை விஷம். மூச்சுக்குழாய் உள்ளேயே வீங்கினால் அடைத்துவிடும். அதனால் மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க் வைத்தார்கள். குரல் வரவில்லை.

என் தொடையைப் பார்த்துவிட்டு மருத்துவர் என் கணவரிடம் கேட்டார். "கேஸ்ல எரிஞ்சா இப்படிக் கருப்பா பொடி ஒட்டாதே. என்ன நடந்தது?"

"ஸ்டவ்தாங்க மேடம்," என்றார் அவர்.

அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கொப்புளித்திருந்தன. மருத்துவர் அதையும் பார்த்தார்.

கல்யாணமான பெண் தீக்காயத்தோடு வந்தால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அது விதி. ஏன் அந்த விதி வந்தது என்று அந்த வார்டில் படுத்தால் யாருக்கும் புரியும்.

மறுநாள் அண்ணன் வந்தான். நேரே மருத்துவமனைக்கு வரவில்லை. முதலில் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். சமையலறையில் அடுப்பு துடைத்துவைத்தது துடைத்தபடி இருந்தது. சுவரில் ஒரு கரி இல்லை. ஹாலில்தான் தரை கருகி, கம்பளி எரிந்து கிடந்தது. சாமான்களை என் கணவர் இரவே வீட்டுக்குப் போய் ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தார். அண்ணனுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான் தோன்றியது. வராந்தாவில் அவன் குரல் எனக்குக் கேட்டது.

"அடுப்பு வெடிச்சிச்சா? அடுப்பு அப்படியே கீது! ஹால்ல எப்பட்ரா வெடிக்கும்? கொளுத்திட்டு கதை சொல்லிகினு கீறியா?"

அடி விழுந்த சத்தம் கேட்டது. என் கணவர் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரோ இழுத்து விலக்கினார்கள். எனக்கு எழுந்து போய் இல்லை என்று சொல்ல வேண்டும். மாஸ்க்குக்குள் வாயை அசைத்தேன். நர்ஸ், "அசையாதம்மா" என்றார்.

அதற்குப் பிறகு என் கணவரை வார்டுக்குள் விடவில்லை. அண்ணன் கூடாது என்றான், போலீசும் வாக்குமூலம் வாங்கும் வரை வேண்டாம் என்றது. கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடையின் ஓரத்திலேயே அவர் கிடந்தார் என்று அண்ணி சொன்னாள். அண்ணி என் பக்கத்திலேயே இருந்தாள். தலையில் சிக்கெடுத்து, வெந்த கழுத்தில் உரசாதபடி உச்சியில் இரண்டு பின்னல் போட்டுவிட்டாள். ரசத்தைத் துணியில் வடிகட்டி ஸ்பூனால் ஊட்டினாள். அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் இட்லியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் அவருக்கும் கொடுத்திருக்கிறாள்.

"அவரால சாப்பிட முடியல," என்றாள் திரும்பி வந்து. "கைய மடக்க முடியல அவருக்கு. நான் பிச்சிக் கொடுத்தேன். நீ ஒண்ணும் சொல்லாத உங்கண்ணன்கிட்ட."

அந்த வார்டில் நாள் என்பது டிரெஸ்ஸிங்கில் தொடங்கும். காலையில் சக்கரக் கட்டிலில் தள்ளிப்போய்ப் பழைய கட்டைப் பிரிப்பார்கள். தண்ணீர் விட்டு நனைத்துத்தான் பிரிப்பார்கள், அப்படியும் தோலோடுதான் வரும். செத்த தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் ஏறிவிடும். தீக்காயத்தில் செத்துப்போகிறவர்கள் நெருப்பைவிடக் கிருமியால்தான் அதிகம் சாகிறார்கள் என்று நர்ஸ் சொன்னார். ஊசி போட்டுத்தான் செய்வார்கள். ஆனாலும் அந்த அறையிலிருந்து வரும் குரல்களைக் கேட்டுக்கொண்டு நம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு எந்த ஊசியும் இல்லை.

என் பக்கத்துக் கட்டிலில் ரமணம்மா இருந்தாள். ஆந்திராவில் நகரி பக்கத்துக் கிராமம். முப்பது வயது இருக்கும். உடம்பு முழுக்கக் கட்டு. முகம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அழகாக இருந்தது. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். என்னைச் செல்லி என்பாள், தெலுங்கில் தங்கை. அவளுக்கும் ஸ்டவ்தான் என்று எழுதியிருந்தது. அவள் கணவன் தினமும் ஒரு இளநீரோடு வருவான். அவன் வந்தால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் போன பிறகு திறப்பாள்.

ஒருநாள் காலை எனக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பு உதறியது. மருத்துவர் வந்தார், பெரிய மருத்துவர் வந்தார், புது மருந்து ஏற்றினார்கள். மத்தியானம் மாஜிஸ்திரேட் வரப்போகிறார் என்றார்கள். எதற்கு என்று அண்ணியைக் கேட்டேன். குரல் அப்போது காற்றுபோல வர ஆரம்பித்திருந்தது. அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார்: "ஒருவேளை போயிட்டா, பேசினது கோர்ட்டுக்கு வேணும் இல்ல?"

அதுவரை எனக்குத் தழும்பு வரும், கை மடங்காது, வேலை போகும் என்றுதான் பயம். சாவேன் என்று நினைக்கவேயில்லை. எங்கோ ஒரு டியூப்லைட் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நிவேதாவுக்கு யார் தலை வாருவார்கள் என்று யோசித்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

மாஜிஸ்திரேட் ஒரு பெண். கண்ணாடி போட்டிருந்தார். அண்ணன், அண்ணி, போலீஸ் எல்லாரையும் வெளியே அனுப்பினார். மருத்துவர் மட்டும் நின்றார். திரையை இழுத்துவிட்டார்கள். நான் யார், என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்டு, எனக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டார். யாராவது மிரட்டினார்களா, யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று கேட்டார். பிறகு, "என்னம்மா நடந்தது?" என்றார்.

ஸ்டவ் என்றால் அதை யாரும் நம்பப் போவதில்லை. அண்ணன் பார்த்த அடுப்பு என் கணவரை உள்ளே தள்ளிவிடும். உண்மையைச் சொன்னால் தடை செய்த சாமான், வேன், பையன்கள், வேலை எல்லாம் போகும். இந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் நான் தயங்கியதற்குக் காரணம் அதுவல்ல. ஒரு கணம், அவர் உள்ளேதான் போகட்டுமே என்று இருந்தது. நான் வெந்துபோய்க் கிடக்க, அவர் லைசென்ஸை நினைத்தாரே என்று இருந்தது. சும்மா இருந்தால் போதும். நான் ஒன்றும் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மாஜிஸ்திரேட் அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடி, காத்திருந்தார்.

"அடுப்பு இல்லீங்க மேடம்," என்றேன். "பேட்டரி."

"எந்த பேட்டரி?"

"சிகரெட் பேட்டரிங்க."

அவர் மருத்துவரைத் திரும்பிப் பார்த்தார். வலி மருந்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார். மருத்துவர் முன்னால் வந்தார்.

"மேடம், டிரெஸ்ஸிங்ல இவங்க தொடையில இருந்து சுருண்டுபோன ஒரு தகடு எடுத்தோம். பேட்டரிக்குள்ள இருக்கறது மாதிரி. பத்திரமா வச்சிருக்கோம். முதல் நாளே காயத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தான்."

மாஜிஸ்திரேட் பேனாவைத் திறந்தார். மின்சார சிகரெட் என்றால் என்ன என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுநடுவே மாஸ்க்கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டேன்.

"உங்க வீட்டுக்காரர் வேணும்னு செய்தாரா?"

"இல்லீங்க."

"ஸ்டவ்னு ஏன் சொன்னார்?"

"பயந்துட்டாருங்க."

"நெருப்பை அணைத்தது யார்?"

"அவருதாங்க. வெறுங்கையால."

படித்துக் காட்டினார். வலது கை முழுக்கக் கட்டு. இடது கட்டைவிரலில் மை தடவி அழுத்தினார்கள்.

அண்ணன் உள்ளே வந்தபோது முகம் கறுத்திருந்தது. "அவன் சொல்லிக் கொடுத்தானா பாப்பா? பயப்படாத, நான் கீறேன். பீடிக்கு எங்கனா பேட்டரி இருக்குமா?" என்றான். இல்லண்ணா என்றேன். அவன் நம்பவில்லை. போலீஸ் வீட்டுக்குப் போய், பரணில் ஒளித்துவைத்திருந்த சாமான்களையும் மற்ற பேட்டரிகளையும் எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினான். நம்பிய பிறகு அவன் கோபம் குறையவில்லை, கூடியது. அடித்துக் கொல்ல வந்தவனை மன்னிக்கலாம், இந்த மடத்தனத்தை எப்படி மன்னிப்பது என்றான்.

அன்று சாயங்காலம் ரமணம்மா திரைக்கு அப்பாலிருந்து கூப்பிட்டாள்.

"செல்லி, உள்ளது உள்ளபடி செப்பிட்டியா?"

"ஆங் அக்கா."

"நான் ஸ்டவ்வுனே செப்பினேன்," என்றாள்.

"ஸ்டவ்வு இல்லியா அக்கா?"

"பிள்ளைங்க ரெண்டும் அவன்கிட்டதான கீதுங்க," என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. என் காய்ச்சல் மெல்ல இறங்கியது. அவளுக்கு ஏறியது. ஒரு காலையில் நான் டிரெஸ்ஸிங்குக்குப் போய்த் திரும்பி வந்தபோது அந்தக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தார்கள். இளநீர்க்காரன் வராந்தாவில் உட்கார்ந்து பெரிதாக அழுதுகொண்டிருந்தான். அவள் என்னிடம் சொன்னதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்து, "போலீஸ்கிட்டச் சொல்றேன். ஆனா அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்க சுமதி," என்றார். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. நகரி இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தப் பிள்ளைகள் எந்த ஊர் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு தோல் ஒட்டும் அறுவை. இடது தொடையின் நல்ல தோலைச் சீவல்போல மெல்லியதாக எடுத்து, வலது தொடையிலும் கையிலும் ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தைவிட எடுத்த இடம்தான் அதிகம் வலித்தது. ஒட்டியது பிடித்துக்கொண்டதா என்று கட்டைப் பிரித்துப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. பிரித்தபோது மருத்துவர் சிரித்தார். தொடையில் பிடித்திருந்தது. கையில் ஓர் ஓரம் பிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் என் கணவரை உள்ளே விட்டார்கள். தாடி மண்டியிருந்தது. கட்டிலிலிருந்து நான்கடி தள்ளியே நின்றுவிட்டார். நர்ஸ் ஸ்டூலைக் காட்டினார், உட்காரவில்லை.

"நிவேதா எங்க?" என்றேன்.

"உங்கண்ணன் வீட்லதான். ஸ்கூலுக்குப் போய்கினு கீது."

"வேன்?"

"வேற ஆளு போட்டுட்டாங்க." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "நீ சொன்னது நல்லதாச்சு சுமதி. சொல்லலன்னா நானே கொளுத்தினேன்னு ஒத்துகினு இருப்பேன். அப்பிடித்தான் இருந்திச்சு எனக்கு," என்றார்.

தண்ணீர் கேட்டேன். டம்ளரை இரண்டு மணிக்கட்டுகளாலும் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். அவர் உள்ளங்கைகள் அப்போதும் இளஞ்சிவப்பாக இருந்தன.

வீட்டுக்கு வந்த பிறகும் நோய் தொடர்கிறது என்பதை யாரும் முன்னால் சொல்வதில்லை. ஆறிய தோல் சுருங்கும். சுருங்கி, மூட்டுகளை இழுத்துப் பிடிக்கும். அதற்காகத் தொடைக்கு இறுக்கமான ஓர் உடையைப் பகலும் இரவும் போட்டிருக்க வேண்டும். வெயிலில் அது ஒரு தண்டனை. மாடிப்படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. நிவேதா முதல் வாரம் என் வலது பக்கம் வந்து படுக்கவேயில்லை. ஆன்லைன் சென்டரில் வேறு பெண் இருக்கிறாள். அலட்சியமாக நடந்துகொண்டதற்காக என் கணவர் மேல் போட்ட வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போய்விட்டு வருகிறார். மற்ற நாட்களில் அரக்கோணத்தில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நிவேதாவைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறான்.

என் வலது கையில் மூன்று விரல்கள் உள்பக்கமாக வளைந்து இறுகிவிட்டன. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், தினமும் காலையிலும் மாலையிலும் தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாகப் பின்னால் இழுத்து நிமிர்த்த வேண்டும், வலித்தாலும் விடக் கூடாது, விட்டால் அப்படியே நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு நானே செய்துகொள்ள முடியவில்லை. வலி வந்ததும் இடது கை தானாக விட்டுவிடுகிறது. அவர்தான் செய்கிறார்.

கிடங்கிலிருந்து வந்து, கை கழுவி, எனக்கு எதிரில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். என் முகத்தைப் பார்க்க மாட்டார். விரலைப் பிடித்து இழுக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். முதல் சில நாட்கள் நான் கத்தியதும் விட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்றும் அப்படித்தான், நடுவிரல் கொஞ்சம் நிமிர்ந்ததும் நான் பல்லைக் கடித்தேன். அவர் நிறுத்தினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"விட்டுடட்டா?"

"விடாத," என்றேன். "இழு."